யாரும் முகத்தைத் திருப்பவில்லை

டீக்கடை மாரியக்கா அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான். அதற்கே பிரசன்னா பைக்கின் வேகத்தைக் குறைத்தான். எட்டு மாதமாக அவன் பைக் சத்தம் கேட்டாலே வடைச்சட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவள் அவள்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில்தான் அவன் அம்மா செல்வமேரியிடம் உடைத்துச் சொன்னான். பத்ரி தனக்கு வெறும் சிநேகிதன் இல்லை, இனி இரண்டு பேரும் இந்த வீட்டில் ஒன்றாகத்தான் வாழப்போகிறோம் என்று. அன்றைக்கே அவள் துணிமணியோடு எதிர்வீட்டில் இருந்த தன் தம்பி சவுரிமுத்துவிடம் போய்விட்டாள். அதோடு ஊரும் பேச்சை நிறுத்தியது. மாலை ஜெபம் முப்பத்திரண்டு வீட்டுக்கும் போகும், இவன் வாசலைத் தாண்டிப் போகும். கோயிலில் இவன் உட்கார்ந்த பெஞ்சு காலியாகும். தாம்பரத்தில் வீடு பார்க்கலாம் என்று பத்ரி எத்தனையோ முறை சொல்லிவிட்டான். அப்பா கட்டின வீடு, இவங்க மூஞ்சியைத் தூக்கினா நான் மூட்டையைத் தூக்கணுமா என்று பிரசன்னா கேட்பான். மனசுக்குள் ஆசை வேறு. என்றைக்காவது அம்மா திரும்பிப் பார்ப்பாள்.

சனிக்கிழமை, திருமுடிவாக்கம் பட்டறையில் முதல் ஷிப்ட் முடிந்து, மார்கழிக் குளிரும் வண்டிப்புகையும் கலந்த நாலரை மணி வெளிச்சத்தில் தெருவுக்குள் திரும்பியபோது, கோயிலின் சிவப்பு நாற்காலிகள் இரண்டு வரிசையாக அவன் வீட்டு வாசலில் கிடந்தன. அந்த ஊரில் அந்த நாற்காலிகள் இரண்டுக்குத்தான் வெளியே வரும். ஒன்று நிச்சயதார்த்தம். இன்னொன்று சாவு.

பத்ரி. சிறுசேரியில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். போன் போட்டான். மணியடிப்பது வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. யாரும் எடுக்கவில்லை.

நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். பாசமாகப் பார்த்தார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோடையில் இவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயை வெட்டிப்போட்ட சவுரிமுத்து எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"வாப்பா."

அந்தச் சொல்லில் அவனுக்கு மூச்சு வந்தது. சாவு வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்ல மாட்டார்கள். அப்படியானால் யாரும் சாகவில்லை.

"பத்ரிக்கு இன்னா ஆச்சு மாமா?"

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. உள்ளதான் கீறான். போ."

உள்ளே ஊதுவத்தி வாசனை, ரோஜா மாலையின் ஈர வாசனை, அதற்கெல்லாம் அடியில் விடாமல் ஒரு மோட்டார் முனகல். கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டி. அதன் கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான் பத்ரி. உயிரோடு. அப்பாடா என்று பிரசன்னா அவன் பக்கத்தில் போனான்.

"பத்ரி."

திரும்பவில்லை. தோளைத் தொட்டான். பத்ரி குளிர் பட்டவன் போலத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. வெள்ளை விரிப்பு. ஒரு தலையணை. கிறிஸ்துமசுக்கென்று அவன் தைத்து வைத்திருந்த சட்டை, மடிப்புக் கலையாமல்.

"எழுந்திருடா," என்றான் பத்ரி, அந்த வெற்றிடத்தைப் பார்த்து. "ஒரே ஒரு வாட்டி."

பிரசன்னா கத்தினான். நான் இங்க இருக்கேன்டா. பின்னால்தான் நிற்கிறேன். பாருடா. பத்ரி கண்ணாடியையே பார்த்தான்.

கன்னத்தில் ஒரு கை விழுந்தது. அம்மா. பவுடர் வாசனை, சூடான உள்ளங்கை. எட்டு மாதமாகிவிட்டது அந்தக் கை பட்டு. நடப்பது தப்பு என்று தெரிந்தும், பாவிப்பயல், அந்தக் கைக்குள் முகத்தைச் சாய்த்து அழுதான்.

"ஊரே உன்ன மன்னிச்சிடுச்சு ராசா," என்றாள் அவள். "வந்து படு."

பின்னால் கைகள். நிறைய. ஒன்றிலும் முரட்டுத்தனம் இல்லை. யாரோ ஷூவின் கயிற்றை அவிழ்த்தார்கள். சவுரிமுத்து கால்களைப் பிடித்தார். மாரியக்கா தலையைச் சீவிவிட்டாள். திமிறினான். முடியவில்லை. முதுகில் விரிப்பு. குளிர். ஜெபம் ஆரம்பித்தது, மெதுவாக, முப்பத்திரண்டு வீட்டுக் குரலில். மூடி இறங்கியது.

கத்தினான். பத்ரி. பத்ரி.

பத்ரி கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தான். குனிந்தான். முதல் முறையாக நேராக அவன் முகத்தைப் பார்த்தான்.

"தூங்குற மாதிரியே இருக்கான்ம்மா," என்றான்.

செல்வமேரி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், வாசல்வரை, ஊரே நின்று, அலறிக்கொண்டிருந்த பிரசன்னாவைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தது.