ஆக்டிவ் கணக்கு

அன்று காலை ஏழு பத்துக்குப் பச்சைமுத்துவின் கணக்கு மீண்டும் திறந்தது. அவர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அதைச் சொல்லத்தான் தமயந்தி அல்சூரில் கிளெமென்ட்டின் அறைக்கு வந்திருந்தாள். குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் இணையக் குழு ஒன்றை அவள் நடத்தினாள். உறுப்பினர்கள் காலையில் ஒரு வரி எழுதுவார்கள், அல்லது குரலில் சொல்வார்கள்: இன்றும் குடிக்கவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய பச்சைமுத்து எப்போதும் குரலில்தான் சொல்வார். சில மாதங்களாக அது நின்றிருந்தது. ஜோகுபாளையத்துச் சுவரொன்றில் அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஓர் உறுப்பினர் பார்த்த பிறகுதான் குழுவுக்கே சாவு தெரிந்தது.

அவளுடைய சந்தேகம் பிரகாஷ் மேல். குழுவின் தொழில்நுட்பம் முழுவதும் அவன் கையில். ஆக்டிவ் எண்ணிக்கையை உயர்த்த, பேசாதவர்களின் கணக்குகளை அவனே திறக்கிறான் என்றாள். மாலையில் அவனை நீக்கப்போவதாகவும் சொன்னாள்.

கிளெமென்ட் போலீஸ் சைபர் கிரைம் பிரிவில் ஓய்வு பெற்றவர்; இப்போது தனியாகத் துப்பறிந்து கொடுக்கிறார். உடன் வேலை செய்யும் வீணா அதற்குள் ஹெல்மெட்டை எடுத்துவிட்டாள்.

"அத்திபெலேலதான சார் அவன் வீடு? கேட்டுட்டு வந்துடறேன்."

"ஹெல்மெட் எங்கயும் ஓடாது. உக்காரு."

தமயந்தி கொண்டுவந்த பதிவுகளை அவர் பார்த்தார். கணக்கு ஒரே போனில்தான் திறக்கப்பட்டிருந்தது. எப்போதும் ஒரே பக்கம், பச்சைமுத்துவின் கடைசிக் குரல்பதிவு. அது முழுதாக ஓடியதும் செயலி மூடப்பட்டது. எழுத்தில் இருந்த எதையும் யாரும் தொடவில்லை. பேசாத மற்றவர்களின் கணக்குகளை வீணா தேடினாள். இப்படி வேறு ஒன்றும் இல்லை.

"எண்ணிக்கைக்குத் திறந்தாப் போதும், முழுசாக் கேக்க வேண்டியதில்ல. ஒரு கணக்கோட நிறுத்தவும் மாட்டான்," என்றார் கிளெமென்ட். "இது பிரகாஷ் இல்ல. அந்தக் குரல் வேணும்னு கேக்கற ஆளு. படிக்கத் தெரியாத ஆளுன்னு நினைக்கறேன்."

பிறகு தமயந்தியிடம் கேட்டார். "ஆக்டிவ் இல்லாதவங்கள என்ன செய்வீங்க?"

"ஒரு மாசம் பாப்போம் சார். அப்புறம் போன் பண்ணுவோம், வீட்டுக்கும் போவோம். குழுவோட முதல் விதியே அதுதான்."

"ஆக்டிவ்னா யாரு?"

மாதத்தில் ஒருமுறையாவது திறப்பவர் என்றாள். முன்பு, எழுதியவர் அல்லது பேசியவர் மட்டும். வெறுமனே படிப்பவர்களையும் எண்ண வேண்டும் என்று சென்ற ஆண்டு அவள்தான் மாற்றினாள். எண்ணிக்கை இரட்டிப்பானது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பிரகாஷ் மட்டும் மறுத்தான். அவனுக்குப் பொறாமை என்று அவள் நினைத்திருந்தாள்.

கிளெமென்ட் பதிவில் ஓர் இடத்தைக் காட்டினார். பச்சைமுத்து சாவதற்குப் பல வாரங்கள் முன்பே இந்தக் காலைப் பழக்கம் தொடங்கியிருந்தது.

"குடிக்கலன்னு சொல்ல முடியாத மனுஷன் அந்தப் பதிவைத் தினம் போட்டுக் கேப்பாரா? போன் அப்பவே வேற ஆள் கையில."

கைப்பையில் இருந்த தமயந்தியின் போன் அடித்தது. எடுக்கவில்லை.

மூவரும் போனபோது ஜோகுபாளையத்தில் பச்சைமுத்துவின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவருடைய மனைவி முத்தம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடுப்புக்கு மேலே, மசாலா டப்பாக்களுக்கு நடுவில் போன் நின்றது.

மழைக்காலத்தில் அவர் மறுபடி குடிக்கத் தொடங்கினார் என்றாள். வெட்கம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, பீன்யாவில் ஒரு நண்பனின் அறையில் தங்கிவிட்டார். அங்கேதான் இறந்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்கே அழுத்தினால் குரல் வரும் என்று எப்போதோ அவர் காட்டிக் கொடுத்திருந்தார். காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் அங்கே அழுத்துவாள்.

அழுத்திக் காட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். பச்சமுத்து பேசறேன். இன்னிக்கும் குடிக்கல."

வீணா ஹெல்மெட்டின் பட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். கிளெமென்ட் வாசல் பக்கம் பார்த்தார். முத்தம்மா தமயந்தியை அப்போதுதான் சரியாகக் கவனித்தாள்.

"நீங்கதான அந்த குரூப் மேடம்? நான் பேசாம போயிட்டா ஒரு மாசத்துல அவங்களே தேடி வருவாங்கன்னு சொல்வாரு. வாசல்ல சத்தம் கேட்டாலே எட்டிப் பாப்பேன். ஏம்மா யாரும் வரல?"