மூணு அடி

ஒரகடத்துப் பக்கம் பழைய இரும்பை உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. எழுபத்திநாலாம் வருஷம் சித்திரையில் அங்கே ஆறு லாரி தண்டவாளம் வந்து இறங்கியது. வீரகிரி சமஸ்தானத்து ராஜா, அரண்மனையிலிருந்து வேட்டைக்காடு வரைக்கும் போட்ட குட்டி ரயில்பாதை அது. ராஜா போய், ராஜ்யம் போய், கடைசியில் பாதையும் ஏலத்துக்குப் போயிற்று.

லாரியோடு வந்தவன் மண்ணூர் யாக்கோபு. பிழைப்புக்காக அப்பனோடு வீரகிரிக்குப் போய், முப்பது வருஷம் அந்தத் தண்டவாளத்தைப் பராமரித்தவன்.

வாசல் வேப்பமரத்தில் மணியாகத் தொங்கிய இரும்பு விரிசல் விட்டிருந்தது. வாட்ச்மேன் கோதண்டம், புதுசாக வந்து இறங்கிய தண்டவாளத்தில் ஒரு முழம் வெட்டிக் கட்டினான். பட்டறைச் சட்டம் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். இரண்டு அடி விழுந்தால் சாப்பாடு. மூன்று விழுந்தால் ஆபத்து; போட்டது போட்டபடி மணி தொங்கும் மரத்தடிக்கு ஓடிவர வேண்டும்.

உச்சிவெயிலில் இரண்டு அடித்தான்.

நிலக்கரிப் புகை நாறியது. தரை அதிர்ந்தது.

ஒரு கூவல்.

தண்டவாளம் இறக்கிப் போட்டிருந்த முற்றத்து நடுவில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்த நாகப்பனுக்கு முழங்காலுக்குக் கீழே கால்கள் இல்லை. வாழைத்தண்டை அரிந்த மாதிரி இருந்தது. பாவம், கத்தக்கூட இல்லை. சோற்றில் ரத்தம் நிறைவதைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனான்.

தண்டவாளம் சரிந்ததென்று எழுதி முடித்தார் சூப்பர்வைசர் பாண்டுரங்கன். யாக்கோபு கோதண்டத்தின் கையைப் பிடித்தான்.

"ரெண்டா அடிச்ச, பாவி? அந்த லைன்ல ரெண்டு அடிச்சா 'பாதை காலி, வா'ன்னு அர்த்தம்யா. ஒருநாளு வேட்டைக்கு நேரமாச்சுன்னு ராஜா குதிச்சாரு. ஒம்போது பேரு லைன்ல வேல செஞ்சிகினு கீறாங்கன்னு தெரிஞ்சே அடிச்சாங்க. எங்க நைனாவ சாக்குலதான் அள்ளினோம்."

"நிறுத்தணும்னா இன்னா பண்றது அண்ணே?"

"மூணு அடிக்கணும்."

பொழுது சாய்ந்ததும் கோதண்டம் வீட்டுக்கு ஓடினான். அவன் பெண்டாட்டி செங்கமலம் முற்றத்துக்கு அந்தப் பக்கக் கொட்டகையில்தான் இரும்பு சுமக்கிறாள். நாளைக்கு வராதே என்று கெஞ்சினான்.

"ரயிலே இல்லாத ஊர்ல ரயிலுக்குப் பயந்தவன் நீ ஒருத்தன்தான்யா!" என்று சிரித்தாள்.

மறுநாள் மணியைத் தொடாமல், கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சாப்பாட்டுக்கு வாயால் கூப்பிட்டுவிட்டு வந்தான். பாண்டுரங்கனுக்கு வந்ததே கோபம்!

"மணியடிக்க வாட்ச்மேனா, காக்கா மாதிரி கத்த வாட்ச்மேனா?"

சுத்தியலை எடுத்து அவரே இரண்டு போட்டார். போட்ட கையோடு முற்றத்தில் இறங்கினார்.

புகை.

அதிர்வு.

தலை ஒரு பக்கம் உருண்டது. உடம்பு மட்டும் இரண்டு எட்டு நடந்து விழுந்தது.

கோதண்டம் பாய்ந்து சுத்தியலைப் பிடுங்கினான். இனி ஒரு உயிர் போகக்கூடாது.

மூன்று அடித்தான்.

ஐயோ, அடித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கக் கொட்டகையிலிருந்து முப்பது பேரும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் செங்கமலம்.

"வராதடீ! அங்கேயே நில்லு!"

கூவல் அவன் குரலை விழுங்கியது.

"இன்னாயா ஆச்சு உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே முற்றத்தில் கால் வைத்தாள்.

இரும்போடு இரும்பு உரசிக் கிறீச்சிட்டது. மூன்று அடிக்குக் கட்டுப்பட்டு, வந்தது நின்றது. அவள் மேல் ஏறி, அவளைத் தாண்டித்தான் நின்றது. பின்னால் வந்தவர்கள் அவள் ரத்தத்தில் சறுக்கி விழுந்தார்கள்.

அவளையும் சாக்கில்தான் அள்ளினார்கள்.

மறுநாள் காலையில் அந்த மணி இரும்பைக் கோதண்டம் அறுத்து, யாக்கோபோடு லாரியில் கொண்டுபோய்ச் செம்பரம்பாக்கம் ஏரியில் வீசினான். கரையில் உட்கார்ந்து இருவரும் பீடி பற்றவைத்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

தண்ணீருக்கு அடியிலிருந்து சத்தம் கேட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கோதண்டம் எழுந்தான். மூணு அடி விழுந்தால் ஓடவேண்டும்; ஆபத்து யாருக்கென்று அவனுக்குத் தெரியும்.

"தோ வந்துட்டேன் செங்கமலம்!"

யாக்கோபு எட்டிப் பிடித்ததில் துண்டுதான் கையோடு வந்தது. ஏரி கோதண்டத்தை மூடிக்கொண்டது. 

பிறகு அடியிலிருந்து மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை இரண்டே அடி.

யாக்கோபு நின்ற கரையெல்லாம் நிலக்கரிப் புகை நாறியது.