இடது பக்கச் சன்னல்

புதுக்காங்கயத்தில் ஒருவருக்கு ஆயுளுக்கு ஒரு சன்னல்தான். பிறந்த மூன்றாம் நாள் நெற்றித் தோலுக்கடியில் அடையாளச் சில்லைப் பதிக்கும்போதே அந்த உரிமையையும் அதில் எழுதிவிடுவார்கள். செவ்வாயில் கதிர்வீச்சு அதிகம். அதனால் வீடுகள் நிலத்துக்கு நாற்பது அடி கீழே; மேலே தெரிவது வீட்டுக்கொரு கதவுக்கூண்டு மட்டும். சன்னல் என்று இருப்பது விண்ணூர்தியில்தான்; அதிலும் பன்னிரண்டே, பக்கத்துக்கு ஆறு.

காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் சென்னியப்பன், கல்யாணத்தன்று மனைவி துளசிமணிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஒலிம்பஸ் மலையை நேரில் காட்டுவதாக. இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இப்போதுதான் வடதுருவத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

இடது பக்கமா, வலது பக்கமா? எட்டு மாதம் மனிதருக்குத் தூக்கமில்லை. போனவனும் சொன்னான், போகாதவன் அதைவிட விவரமாகச் சொன்னான். இருக்கை ஒதுக்கும் பொறியோ, "இரண்டு பக்கமும் சிறப்பான காட்சிகள் உண்டு" என்றது. பொறிக்கு என்ன தெரியும்! பறக்கும் பாதையை அவரே வரைந்து, சூரியன் சாயும் கோணத்தையும் கணக்கிட்டார். இடது பக்கம், நான்கு நிமிடம் மலை, அதன் பின்னால் செவ்வாயின் நீல அந்தி. அந்தப் பக்கத்துக்கு அடிதடி என்பதால் ஓர் உரிமை போதவில்லை. தன்னுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, சன்னலில்லாத நடு இருக்கையில் சந்தோஷமாக உட்கார்ந்தார்.

ஊர்தி மேலேறியது. கணக்குத் தப்பவில்லை. இமயத்தைப் போல இரண்டரை மடங்கு உயர மலை, நீல வெளிச்சத்தில் சன்னல் முழுக்க வந்து நின்றது.

"பாரு துளசி, பாரு!" என்றார்.

"எத்தாச்சோட்டு மலைங்க!" என்றாள் துளசிமணி, வாய் பிளந்து. ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தாள். பிறகு திரும்பினாள். "ஏனுங்க, நம்மூடு எந்தப் பக்கமுங்க?"

"வலது பக்கம். அது எதுக்கு இப்ப? நாலே நிமிசம், மலையப் பாரு புள்ள."

"மலை எங்கீங்க போயிரப் போவுது?" என்றபடி வார்ப்பட்டையைக் கழற்றினாள்.

வலது பக்கத்தில் ஏற்கெனவே கூட்டம். இடது பக்கத்துச் சன்னல்காரர்கள் ஐந்து பேரும் அங்கேதான் முண்டிக்கொண்டிருந்தார்கள். பாரம் ஒரு பக்கமாகச் சாய்வதாக ஊர்தி எச்சரித்தது. யாரும் காதில் வாங்கவில்லை.

"அக்கா, இத்தனூண்டு ஒதுங்குங்க" என்று உள்ளே நுழைந்தவள் கூவினாள். "அதா, அதானுங்க! நம்ம கூண்டு மேல லைட்டு எரியுது பாருங்க. அணைக்காம வந்துட்டனுங்க!"

கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவர் பார்த்ததில்லை.

சென்னியப்பனுக்குப் பக்கத்தில் சன்னல் காலியாக இருந்தது. மலையில் இன்னும் இரண்டரை நிமிடம் பாக்கி. ஒரு கணம் யோசித்தார். பிறகு அவரும் வார்ப்பட்டையைக் கழற்றினார்.

"எங்க, எங்க? எந்த லைட்டு?"

காலையில் பூட்டிவிட்டு வந்த வீட்டை, தலையோடு தலை முட்ட இருவரும் குனிந்து பார்த்தார்கள். பின்னால் ஆறு சன்னல்களிலும் மலை கடந்து போனது.

"உன்ற மலை போச்சே" என்றார்.

"மலைய எந்தப் படத்துலயும் பாத்துக்கலாமுங்க. நம்மூட்ட யாரு படம் புடிச்சுப் போடறாங்க?"

"இன்னுங் கொஞ்சம் தள்ளிக்கோ" என்றார் சென்னியப்பன்.