வாளி குறையக் கூடாது

வாளி வற்றிக் கிடந்தது. செடிகள் மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவை போலப் பளபளத்தன. வெளியூர் விடுதியறையில் காலை நீட்டிக்கொண்டு, கேமரா வழியாகக் கைபேசியில் தன் வீட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பல்செட்காரருக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவர். தன் வாயைக் கட்டத் தெரியாதவர். பயிற்சி வகுப்புக்குக் கிளம்புமுன் பழைய பனியன்களைக் கிழித்துத் திரித்து, நடுவில் வாளியை வைத்து, தண்ணீர் தானே ஊறிப்போக அதிலிருந்து செடித்தொட்டிக்கொரு திரி இழுத்துவிட்டு, என்னவோ அணையே கட்டிவிட்ட மிதப்பில் நின்றார். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிப் புட்டிப்பால் கட்டமாட்டார்கள் என்று தங்கை சிரித்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவள். வாளி குறையக் கூடாது, குறைந்தால் இந்த வீட்டில் உனக்குச் சோறு கிடையாது என்று அவளை மிரட்டிவிட்டுத்தான் வண்டியேறினார். விளையாட்டுக்குத்தான்.

இப்போது அவள் வாளிக்குப் பக்கத்தில், கேமராவுக்கு முதுகு காட்டி, தரையில் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெளிச்சத்தில் இலைகளின் நிழல் அவள் மேல் படிந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை, நிழல் அசைந்தது. அதற்கும் கீழே, பசித்த குழந்தை பால் உறிஞ்சுவது போல விட்டுவிட்டு ஒரு மெல்லிய சத்தம்.

போன் செய்தார். இடது கையால் எடுத்தாள்.

“குழாய்ல தண்ணி வரலண்ணா. நேத்துலேருந்து.” குரல் சருகாய் உரசியது.

“வாடினா வாடட்டும், விடு அம்மு. நீ ஏன் தரையில உக்காந்திருக்க?”

“வாளி குறையக் கூடாதுன்னியே.”

அவள் கொஞ்சம் நகர்ந்தாள். வலது கை முழங்கை வரை வாளிக்குள் இருந்தது. திரிகளெல்லாம் அந்தக் கையில் சுற்றியிருந்தன. கை சுள்ளியாய் வற்றியிருந்தது.

எழுந்திரு, கையை எடு, நான் சொன்னது விளையாட்டுக்கு என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

வீடு ஒரு பகல் பயணத் தூரம். குடியிருப்புக் காவல்காரரை அழைத்து, ஓடிப்போய்க் கதவைத் தட்டச் சொன்னார். மாடியேறிய மூச்சிரைப்போடு அவர் திரும்ப அழைத்தார்.

“கதவு உள்தாழ் சார். தங்கச்சி நல்லாத்தான் இருக்காங்க, பயப்படாதீங்க. தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குது.”

“உடைங்க கதவை.”

“எதுக்கு சார்?”

“செடி… செடி…” என்று குழறினார். ஆயிரம் வாய்க்குப் பல் கட்டியவர்.

திரையில் அவள் மெல்லத் திரும்பினாள். உதடு வெடித்திருந்தது. சின்ன வயதில் வீட்டுப்பாடத்தைக் காட்டும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

“போதுமா பாருண்ணா.”

இன்னொரு கையையும் உள்ளே விட்டாள்.

திரிகள் நகர்ந்தன.

கதவு தட்டும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வளையல் தானாகக் கழன்றது. காலி வாளிக்குள் விழுந்து உருண்டது. எல்லா இலைகளும் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பின.