மீசைக்காரர்கள் கடத்தப்பட்டார்கள்!

“இன்னைக்கு இந்த மருந்தை நான் விக்கப் போறதில்லை தம்பி. கரப்பான்பூச்சிங்களே வித்துக் குடுக்கும்!”

அண்ணி சொன்னாள்.

தராசுக்குப் புரையேறியது.

தராசு என்பது அவளுடைய கொழுந்தனுக்கு ஆபீஸ் வைத்த பெயர். கம்பெனியின் அக்கவுண்டன்ட். பெற்ற தாய் போன் செய்தாலும், ‘நீங்கதான்னு என்ன ஆதாரம்?’ என்று கேட்கிற ரகம். அண்ணன் லேபில் கரப்பான் மருந்து கலக்குவார். அண்ணி அதை ஊரின் தலையில் கட்டுவாள். தராசு சந்தேகப்படுவான். இதுதான் குடும்பம், இதுவேதான் கம்பெனி!

“தன்னைக் கொல்ற மருந்தைக் கரப்பானே விக்குமா? அண்ணி, காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா?”

“இருந்து பாருங்களேன்.”

“பார்க்கறதுக்குக் கம்பெனி இருக்கணுமே!”

நியாயமான பயம். அவர்கள் வந்து நின்றிருந்த ராட்சத சூப்பர் மார்க்கெட்டில், கண்ணுக்கு நேராக ஒரு ரேக் காலியாகியிருந்தது. குனியாமல், எம்பாமல், கை நீட்டினால் எட்டுகிற ரேக். அதில் உட்கார்ந்தால் செங்கல்கூட விற்றுத் தீர்ந்துவிடும்! இவர்கள் சரக்கோ இத்தனை காலமும் அடித்தட்டில், துடைப்பங்களுக்குப் பின்னால் தலைமறைவாக வாழ்ந்து வந்தது.

இன்று இரண்டு கம்பெனிகள் அங்கே டெமோ காட்டவேண்டும். பர்ச்சேஸ் மேடம் யாரைக் கை காட்டுகிறாரோ, ரேக் அவர்களுக்கு.

கிடைக்காவிட்டால்... ஃபேக்டரிக்குப் பூட்டு!

டெமோவுக்காகக் கண்ணாடிப் பெட்டியில் கரப்பான்கள் வந்து இறங்கியிருந்தன. சாமானியக் கரப்பான்களா அவை? ஒவ்வொன்றும் கட்டைவிரல் மொத்தம்! மீசையைச் சிலுப்பினால் காற்று வரும்!

அப்போதுதான்...

“ஐயய்யோ!”

ஸ்டோர் ரூமிலிருந்து வாட்ச்மேனின் அலறல்.

ஓடினார்கள்.

மேஜை இருந்தது. பெட்டி இல்லை!

எதிர்வரிசையிலேயே போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்துவிட்டார்.

“சொல்லுங்க. கடத்தப்பட்டது யாரு?”

“கரப்பான்பூச்சிங்க சார்...” தராசு குரலைத் தாழ்த்தினான். “ஒரு இருநூறு இருக்கும்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“அடையாளம்?”

“காபி கலர். மீசை வெச்சிருக்கும்.”

“யோவ், என் மாமனாரும்தான் வெச்சிருக்காரு! யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

“இவருக்கு எல்லார் மேலயும் இருக்கு சார்” என்றாள் அண்ணி.

ட்ரிங்... ட்ரிங்...

அண்ணியின் செல்போன்! ஸ்பீக்கரில் போட்டாள். கர்ச்சீப்பை வாயில் பொத்திய குரல்.

“பூச்சிங்க எங்கிட்ட இருக்கு. மரியாதையா டெமோவுலேருந்து விலகிக்க. இல்லேன்னா...”

“இல்லேன்னா?”

“ஒண்ணு விடாம எல்லாத்தையும்... ஏய்... என்னது இது... ஐயோ, மேல ஏறுது! சட்டைக்குள்ள... அம்மாஆஆ!”

பீப்... பீப்... என்று ஒரு ஹாரன் வெறிபிடித்துக் கத்தியது. தொடர்பு அறுந்தது.

“நம்பரைப் பிடிச்சு ஆளைத் தேடிடலாம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எதுக்கு சார் வீண் அலைச்சல்? ஹாரன் சத்தம் எதிரொலிச்சுது பாருங்க. கீழ பார்க்கிங்ல, காருக்குள்ள உட்கார்ந்திருக்கான். பெட்டி திறந்துக்கிச்சு. அவனே இப்ப ஓடி வருவான்.”

“டாக்டரைத் தேடியா?”

“மருந்தைத் தேடி!”

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினாள். பார்க்கிங் லிஃப்ட்டுக்கு நேராக ஒரு மேஜை போடச் சொன்னாள். இடப்பக்கம் எதிரிக் கம்பெனியின் மருந்து. வலப்பக்கம் இவர்களுடையது. இரண்டும் ஒரே உயரம்.

“அவசரத்துல வர்றவன் கடைக்குள்ள தேட மாட்டான் தம்பி. கைக்கு எட்டினதை எடுப்பான். பில் கவுண்ட்டர் பக்கத்துல சாக்லேட் எதுக்கு வைக்கறாங்கன்னு நினைச்சீங்க?”

“திருடனுக்கே மார்க்கெட்டிங்கா?”

“அவனும் கஸ்டமர்தானே!”

“சரி, எதிரி சரக்கை எதுக்கு வெச்சீங்க? அவன் அதை எடுத்துட்டா? அதோ மேடம் வந்து நிக்கறாங்க! ரேக் போச்சு, கம்பெனி போச்சு, அண்ணன் நடுத்தெருவுல நிப்பாரு!”

அண்ணியின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. அண்ணிக்கு வியர்த்து தராசு பார்த்ததே இல்லை!

மேடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “டெமோ எங்கேம்மா?”

“இதோ மேடம்...”

லிஃப்ட் திறந்தது.

கோட்டு. டை. புயலில் சிக்கிய தலைமுடி. ஒரு காலில் ஷூ, ஒரு ஷூ கையில்!

எதிரிக் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர்!

மனிதர் குதித்துக் குதித்து மேஜைக்கு வந்தார். சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற நிலையில் இல்லை. அவர் கை இடப்பக்கம் நீண்டது...

“போச்சு!” என்றான் தராசு.

கை, நெருப்பைத் தொட்டதுபோல் பின்வாங்கியது. வலப்பக்கம் பாய்ந்தது. அள்ளியது! குழந்தையை அணைப்பதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு கவுண்ட்டருக்கு ஓடினார்.

பில் போடும் பெண்ணுக்கு அவரைத் தெரியும்.

“சார், உங்க கம்பெனி மருந்து பக்கத்துலயே இருக்கே?”

“அது எதுக்கும்மா? அதை அடிச்சா கரப்பான் இன்னும் தெம்பா ஓடுது! டிக்கி நிறைய வெச்சிருந்தேன், எல்லாத்தையும் அடிச்சுப் பார்த்துட்டுதான் வர்றேன்! சீக்கிரம் பில்லைப் போடு தாயே!”

“ஓஹோ...”

பின்னாலிருந்து மேடத்தின் குரல்.

மேனேஜர் திரும்பினார். அவர் காலருக்குள்ளிருந்து இரண்டு மீசைகள் எட்டிப் பார்த்தன.

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை போட்டார்... காலரைத் தவிர்த்து.

“ரேக் உங்களுக்குத்தாம்மா” என்றார் மேடம், அண்ணியிடம். “எத்தனையோ டெமோ பார்த்திருக்கேன். போட்டிக் கம்பெனிக்காரனே வந்து நடிச்சுக் குடுத்து இப்பதான் பார்க்கறேன்.”

“ஒண்ணு மட்டும் இடிக்குது” இன்ஸ்பெக்டர் மேனேஜரை உலுக்கினார். “பெட்டி எந்த ரூம்ல இருக்குன்னு உனக்கு யாருய்யா சொன்னது?”

“கதவுலயே எழுதி ஒட்டியிருந்துச்சு சார்! ‘பரம ரகசியம்! மற்ற கம்பெனியினர் தொடக்கூடாது!’ன்னு... அம்புக்குறி வேற போட்டு!”

எல்லாத் தலைகளும் அண்ணி பக்கம் திரும்பின.

அண்ணி தன் நகத்தை ஆராய்ந்தாள்.

“தொடாதேன்னு சொன்னாதான் சார் ஜனங்க தொடுவாங்க. விளம்பரத்துல இது அரிச்சுவடி.”

“அப்ப, அந்தப் பெட்டி மூடி?”

“ஸ்க்ரூ முடுக்க மறந்துட்டேன்னு வெச்சுக்கங்களேன்!”

இன்ஸ்பெக்டர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். தராசிடம் திரும்பினார்.

“நீதான்யா சாட்சி. உண்மையைச் சொல்லு. இங்க மருந்தை வித்தது யாரு?”

தராசு அண்ணியைப் பார்த்தான். மேனேஜரின் காலரைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“ஒத்துக்கறேன் சார். சத்தியமா கரப்பான்தான் வித்துச்சு. ஆனா மாசக் கடைசில கமிஷன் கேட்டு, மீசையை ஆட்டிக்கிட்டு என் மேஜைக்கு வந்துச்சுன்னா... அதே மருந்தைத்தான் குடுப்பேன்!”