பனிமலையில் சாப்பிட ஓர் இடம்

அடுப்பிலிருந்து இறக்கிய டீ, டம்ளரில் ஊற்றுவதற்குள் ஆறிப்போயிருந்தது.

பாரதி முதலில் தன் நாக்கைத்தான் சந்தேகப்பட்டாள். பாத்திரத்தில் நுரை இன்னும் அடங்கவில்லை. இஞ்சி தட்டிய கை மணத்துக்கொண்டிருந்தது. ஆனால் வாயில் வைத்தது நேற்று ராத்திரி யாரோ மறந்துவிட்டுப் போன டீ போல இருந்தது. சூடு மட்டுமல்ல, ருசியும் போயிருந்தது. சர்க்கரை இல்லை, இஞ்சி இல்லை, டீத்தூளின் துவர்ப்புகூட இல்லை. பழுப்பு நிறத்தில் வெறும் தண்ணீர். திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்கவைத்தாள். குமிழ் பொங்கி விளிம்புவரை வந்தது. இறக்கி விரலை விட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. ஜப்பானிலிருந்து அவள் கணவன் சூரியபிரகாஷ்.

"எழுந்துட்டியா?" என்றான். குரலுக்குப் பின்னால் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"இப்பதான். சாப்டீங்களா? ஓட்டல்ல காலையில சோறும் முட்டையும் இருக்கும்னு சொன்னேனே."

"எங்க சாப்பிடறது? வேன் சீக்கிரமே வந்துடுச்சு. வெறும் வயித்தோட மேல ஏத்திட்டாங்க. ஆனா இப்ப டீ குடிச்சேன் பாரதி. இங்க ஒரு சின்னக் கடை இருக்கு. இஞ்சி தட்டிப் போட்டு, அப்படியே நீ போடற மாதிரி. ஜப்பான்காரங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னே தெரியல."

அவள் சிரித்தாள். கையிலிருந்த டம்ளரைக் குழாயடியில் கவிழ்த்தாள்.

ஆம்பூரில் கையுறை தைக்கும் கம்பெனி ஒன்றில் சூரியபிரகாஷ் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். பனிச்சறுக்கு ஆடுகிறவர்கள் போடும் கனத்த கையுறை. ஆட்டுத்தோலில் வெட்டி, உள்ளே கம்பளி வைத்து, வெயிலில் வியர்க்க வியர்க்கத் தைத்து அனுப்புவார்கள். தைப்பவர்களில் ஒருவர்கூடப் பனியைப் பார்த்ததில்லை. இந்த வருஷம் ஜப்பானிலிருந்து, சரக்கு வாங்கும் பையர் கூப்பிட்டார். புது மாடல் ஈரப்பனியில் எப்படித் தாங்குகிறதென்று கம்பெனி ஆள் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும் என்றார். முதலாளி இஷ்தியாக் அகமது அவனை அனுப்பிவைத்தார்.

அவனுக்குக் குளிர் ஒரு கவலையாகவே இல்லை. சாப்பாடுதான் கவலை. கல்யாணமானதிலிருந்து வெளியில் பிரியாணி தவிர வேறெதையும் அவன் முழுதாகச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. பச்சை மீனை நினைத்தாலே குமட்டும். அதனால் அவன் கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் பாரதி வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போனில் அந்த மலையின் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கே என்ன கிடைக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். சறுக்குபவர்களை மலைமேல் தூக்கிச் செல்லும் லிஃப்டில் ஏறுமிடத்தில் நூடுல்ஸ் கடை. மத்தியானம் கூட்டம் தாங்காது. மலையின் நடுவில் பெரிய கேன்டீன். வாசலில் ஒரு மெஷின், படத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்தினால் சீட்டு வரும். கறிக்குழம்பு சோறு வேண்டாம், அதில் என்ன கறியோ. கோழியும் முட்டையும் போட்ட சோறு வாங்கிக்கலாம். சாயங்காலம் கீழே இறங்கினால் தெருவோரத்தில் சூப்புக் கடை.

அவள் பார்த்த எந்த வீடியோவிலும் மலை உச்சியில் சின்னக் கடை எதுவும் இல்லை.

"எந்தக் கடைங்க அது? லிஃப்டுக்குக் கிட்டயா?"

"லிஃப்டெல்லாம் கண்ணுக்குத் தெரியல. திடீர்னு பனிமூட்டம் வந்துடுச்சு. கூட வந்தவங்க எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரியல. கைய நீட்டினா கை தெரியல. அப்ப இந்தக் கடையில வெளிச்சம் தெரிஞ்சுது, வந்து உக்காந்துட்டேன். மூட்டம் கலைஞ்சதும் எறங்கிடறேன். நீ பயப்படாத."

"அங்க யாரு இருக்கா?"

"ஒரு பொம்பள. மூஞ்சியக் காட்டமாட்டேன்றா. எடுத்தாந்து வச்சுட்டு உள்ள போயிடறா."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உதடு மரத்திருந்தது தெரிந்தது. பல்டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்த மாதிரி. தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

இட்லி ஊற்றினாள். வேகும்வரை குக்கருக்குப் பக்கத்திலேயே நின்று மூடியின் ஓரத்தில் ஆவி சீறுவதைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மாசி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தோல் மண்டிப் பக்கமிருந்து வரும் பழகிய நாற்றம், பள்ளிக்கூட வேனின் ஹாரன், கீழ்வீட்டில் யாரோ அம்மியில் அரைக்கும் சத்தம் எல்லாமே வழக்கம்போல இருந்தன. தட்டில் எடுத்து வைத்தாள். முதல் இட்லியைப் பிட்டபோது உள்ளே ஆவி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆவி மேலே எழாமல் இட்லிக்குள்ளேயே பின்வாங்கிப் போயிற்று. வாயில் போட்டால் நனைந்த பஞ்சு. சட்னியில் காரம் இல்லை. மிளகாயைத் தனியாக எடுத்துக் கடித்தாள். அதிலும் இல்லை.

போன்.

"இட்லி," என்றான் அவன். வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசினான். "நம்பமாட்ட. இட்லி வச்சிருக்கா. பொட்டுக்கடலைச் சட்னி. காரம் கொஞ்சம் ஜாஸ்தி, நீ கோவமா இருக்கறப்ப போடுவியே, அந்த மாதிரி."

பாரதி தட்டைப் பார்த்தாள். பயம் என்று ஒன்று எங்கோ தூரத்தில், பக்கத்துத் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. அவளிடம் வந்து சேரவில்லை.

"நீங்க எழுந்து கீழ போங்க," என்றாள். "நடு மலையில கேன்டீன் இருக்குன்னு சொன்னேன்ல. கோழி முட்டை சோறு. அங்க நாலு பேரு இருப்பாங்க. அங்க போய்ச் சாப்பிடுங்க."

"இங்கயே எல்லாம் கெடைக்குது, அங்க எதுக்கு? வெளிய வெள்ளையா இருக்கு, ஒண்ணுமே தெரியல. உள்ள கதகதப்பா இருக்கு."

"யார்கிட்டயாவது போனைக் குடுங்க. அந்தப் பொம்பளகிட்ட."

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அவ பேசமாட்டா போலருக்கு. ஆனா பின்னால இருந்து பார்த்தா உன்ன மாதிரியே இருக்கா பாரதி. பின்னல முன்னால எடுத்துப் போட்டுக்கறது, அந்த நடை..."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தாள். மணி போகவே இல்லை.

வெயில் தளத்தைச் சுட ஆரம்பித்த நேரத்தில் எதிர்வீட்டு அன்வரி பேகம் வந்தார். அவர் வீட்டில் ஏதோ விசேஷம். குஸ்காவும் எண்ணெய்க் கத்திரிக்காயும் ஹாட்பாக்ஸில் எடுத்து வந்திருந்தார். பாத்திரத்தைக் கொடுக்கும்போது பாரதியின் விரல் பட்டது. அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, கை இப்டி ஜில்லுன்னு இருக்கு? ஃப்ரிட்ஜுல வச்சிருந்தியா?"

"தெரியலக்கா. காலையிலேர்ந்து ஒரு மாதிரி இருக்கு."

"மூஞ்சியும் வெளுத்துக் கிடக்கு. புருஷன் ஊர்ல இல்லைன்னு சாப்பிடாமக் கிடக்கறியா? சூடா இருக்கு, என் எதுக்க ரெண்டு வாய் சாப்பிடு."

மூடியைத் திறந்தார். ஆவி குப்பென்று எழுந்து அவர் மூக்குக்கண்ணாடியை மறைத்தது. பட்டை, நெய், புதினா. பாரதிக்கு வயிறு இழுத்தது. ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தாள். கையால் தொட்டாள்.

ஆவி நின்றுவிட்டது. அணைத்த விளக்குபோல. அன்வரி பேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பாத்திரத்தையே பார்த்தார். கையை உள்ளே வைத்துப் பார்த்தார். உதடு மட்டும் முணுமுணுத்தது.

போன் அடித்தது. அவன் குரல் மகிழ்ச்சியாக இருந்தது. "குஸ்கா பாரதி! கத்திரிக்காயோட! ஆனா இது நீ பண்ணது இல்ல. நம்ம எதிர்வீட்டுக்காரங்க கைப்பக்குவம். சரிதானே?"

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள். அன்வரி பேகம் எழுந்தார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். "நான் எங்க வூட்டுக்காரரக் கூட்டிட்டு வர்றேன். நீ கதவைத் தொறந்தே வை. கேட்டியா? தொறந்தே வை," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே காற்றே இல்லை.

அப்பாவின் கருமாதிக்குப் பிறகு இலையில் படைத்ததை எல்லோரும் பிரித்துச் சாப்பிட்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது. வடை, பாயசம், சுருட்டு வாசனை ஏறிய சோறு. எதிலும் ருசியே இல்லை. அவர் சாப்பிட்டுவிட்டார், அதனால்தான் என்று சித்தி சொன்னாள். பாரதி அந்த நினைப்பை அதற்கு மேல் போக விடவில்லை.

மறுபடி போன் அடித்தது. இஷ்தியாக் அகமது.

"பாரதிம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"சொல்லுங்க சார்."

"பேஜார் ஆயிடாதீங்க. காலையில சூரியா மேல போனாருல்ல, மூட்டத்துல தனியாப் பிரிஞ்சுட்டாராம். மத்தவங்க எல்லாம் எறங்கிட்டாங்க. இவர மட்டும் இன்னும் காணோம். ரெஸ்க்யூ ஆளுங்க தேடிட்டு இருக்காங்க. அங்க இருட்டறதுக்குள்ள..."

"அவரு கடையில உக்காந்திருக்காரு சார். சாப்ட்டுட்டு இருக்காரு."

"எந்தக் கடைம்மா? அந்தப் பக்கம் கடையே கிடையாதுன்றாங்க. வெறும் சரிவாம்."

"எங்கிட்ட இப்பதான் சார் பேசினாரு."

"பாரதிம்மா," என்றார் அவர் மிக மெதுவாக. "அவரு போன் காலையிலேயே பனியில கிடைச்சிடுச்சு. பையர் கையிலதான் இருக்கு. செத்துக் கிடக்குது, ஆன் ஆகவே மாட்டேன்றது."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காதருகில் இன்னொரு அழைப்பு டிக் டிக் என்றது. திரையில் சூரியபிரகாஷின் முகம். போன வருஷம் ஏலகிரியில் எடுத்த படம்.

எடுக்கவில்லை.

முதலில் சமையலறைக்குப் போனாள். நடக்கும்போது பாதம் தரையில் படுவது தெரியவில்லை. தான் சமைக்கச் சமைக்க அவன் அங்கே உட்கார்ந்திருப்பான். தட்டில் எதுவும் வராவிட்டால் எழுந்துதானே ஆகவேண்டும்? எழுந்து வெளியே வந்தால் தேடுகிறவர்கள் கண்ணில் பட்டுவிடுவான். அவளால் நினைக்க முடிந்தது அவ்வளவுதான். குஸ்காவைக் குப்பையில் கொட்டினாள். இட்லி, சட்னி, மாவு, பால். ஒவ்வொரு பாத்திரமாகக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பை அணைத்து, சிலிண்டரின் திருகை இறுக்கி மூடினாள். தண்ணீர் பட்ட கையில் ஈரம் தெரியவில்லை.

பிறகு போனை எடுத்தாள்.

"ஏன் எடுக்க மாட்டேன்ற?" என்றான். "தட்டு காலியா இருக்கு. ரொம்ப நேரமா ஒண்ணும் வரல."

"வராது. எழுந்திருங்க. வெளிய வாங்க. உங்களத் தேடறாங்க, சத்தம் போடுங்க."

"கதவு எங்க இருக்குன்னு தெரியல பாரதி."

"நீங்க வந்த பக்கம்தான். எழுந்திருங்கன்னா."

நாற்காலி உராயும் ஓசை கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்துவிட்டான். ஒரு அடி. இன்னொரு அடி.

நின்றது.

"அவ வந்துட்டா," என்றான்.

"பாக்காதீங்க. வெளிய போங்க."

"கையில தட்டு வச்சிருக்கா. மூடியிருக்கு. ஆவி வருது."

பாரதி கண்ணைத் திறந்தாள். கவிழ்த்த பாத்திரங்கள். அணைந்த அடுப்பு. வீட்டில் சூடாக எதுவும் இல்லை. ஒரு பருக்கைகூட.

அவள் மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. ஒருமுறை. இரண்டாம் முறை கொஞ்சம். அப்புறம் இல்லை.

சாப்பிடாதீங்க என்று சொல்லப் பார்த்தாள். உதடு அசையவில்லை.

மறுபடி நாற்காலி உராய்ந்தது. உட்கார்ந்துவிட்டான். ஸ்பூன் தட்டில் பட்டது.

நெஞ்சுக்குள் ஏதோ காலியாயிற்று. வலிக்கவில்லை.

"இதுவரைக்கும் சாப்ட்டதுலயே இதுதான்," என்றான் அவன். மெல்லும் சத்தம். "இன்னாது இது?"

பதில் போனுக்குள்ளிருந்து வந்தது. களைத்த, அன்பான, அவளுடைய சொந்தக் குரல். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க."

கதவு தட்டப்பட்டது. "பாரதி! எங்க வூட்டுக்காரரு வந்திருக்காரு. தாழ்ப்பாளை எடும்மா!"

தாழ்ப்பாளை அவள் போடவில்லை. போட்டிருந்தது. வெயில் பட்ட கதவில் அந்த இரும்பில் மட்டும் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. கையை வைத்தாள். இழுத்தாள். வரவில்லை. கையைத் திரும்ப எடுக்கப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. பலமாக இழுத்தாள்.

வந்தது. லேசாக, ஈரத்துணியைக் கொடியிலிருந்து உருவுவதுபோல. ரத்தம் இல்லை. வலி இல்லை.

வெளியே கதவை இடித்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே, போனில், ஸ்பூன் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாரதி தாழ்ப்பாளில் ஒட்டியிருந்த தன் உள்ளங்கைத் தோலை, ரேகை ரேகையாக, பார்த்துக்கொண்டு நின்றாள்.