ஐந்தாம் முகாமைக் கடந்தவர்கள்

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு, இருபது லிட்டர் தண்ணீர் கேனை முதுகில் கட்டிக்கொண்டு அந்தக் கல் அறைக்கு முன்னால் வந்து நின்றேன். மொத்தம் பன்னிரண்டு கேன்கள் ஏற்ற வேண்டும். ஜீப் பாதை கீழே ஓடையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நான்தான் ஜீப்.

மலையை வெடி வைத்துப் பாதை போட்ட காலத்தில் வெடிமருந்து வைக்கக் கட்டிய அறை அது. இரும்புக் கதவு ஒன்று, கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. வேறு வெளிச்சம் கிடையாது. உச்சி வெயிலிலும் உள்ளே போனால் முதலில் வாசனைதான் தெரியும். ஈரக் கல், துரு, எலிப் புழுக்கை.

நூறு கிலோமீட்டர் காட்டு ஓட்டத்தில் அதுதான் ஐந்தாம் முகாம். பத்துப் பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு முகாம் இருக்கும். தண்ணீர், உப்பு, வாழைப்பழம், கட்டுத்துணி எல்லாம் அங்கே கிடைக்கும். ஓடுகிறவர்கள் ஆசைக்கு ஓடுவார்கள். நான் கூலிக்குச் சுமப்பேன். இரண்டு பேருக்கும் முட்டி ஒரே மாதிரிதான் தேய்கிறது.

முகாமுக்குத் தலைவர் கேப்டன். பட்டாளத்துக் கேப்டன் இல்லை. படிக்கும்போது ஹாக்கி டீமுக்குக் கேப்டனாக இருந்தாராம். இப்போது டவுனில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறார். இந்த வருடம் அவருடைய ஒரே மகள் முதல் தடவையாக ஓடுகிறாள். எட்டு மாதமாகப் பழக்கியிருந்தார். எங்கள் முகாம் பக்கத்துப் பாதை முழுக்க ஐம்பது அடிக்கு ஒரு சிவப்பு நாடா, தோள் உயரத்தில், தன் கையாலேயே கட்டியிருந்தார். வெளியே வந்தால் பாப்பா, உள்ளே போனால் பாப்பா. வேறு பேச்சில்லை.

அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னார். "கீழ வளைவு வரைக்கும் போய் நாடா இருக்கான்னு பாத்துட்டு வா. எனக்கு முட்டி வலிக்குது."

அவருடைய முட்டி வலி எனக்குத் தெரியும். முகாமுக்குக் கீழே நானூறு அடியில் இருக்கும் அந்த வளைவுக்கு மட்டும் வருகிற வலி அது. போன வருடம் தையல்காரி செத்துக் கிடந்த இடம்.

சொல்லிவிடுகிறேன். சுமந்தது போதும்.

அவளும் ஓட வந்தவள்தான். துணிக்கடை ஒன்றில் தைக்கிறவள். பழகுவதற்காக நாலு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்தாள். ஒருநாள் என் கேனைத் தூக்கிப் பார்த்து, முடியாமல் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, நீங்க ஓடினா எங்க யாருக்கும் மெடல் கெடைக்காது." ஓட்டத்தன்று அவள் எண் நூற்றுப் பதினெட்டு. கடைசி ஆள்.

கடைசி ஆளுக்குப் பின்னால் இரண்டு பேர் நடந்து வருவார்கள். யாரும் வழியில் விழுந்து கிடக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் வால். வால் வரும்வரை முகாமை மூடக் கூடாது. ஒவ்வொரு முகாமிலும் ஒரு தாள் இருக்கும். எண், வந்த நேரம், போன நேரம் மூன்றையும் அதில் எழுதி வாக்கி டாக்கியில் கீழே தலைமை முகாமுக்குச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நாலரை மணிக்கு மழை பிடித்தது. ஓடையில் தண்ணீர் ஏறுகிறது என்று ஜீப்காரர் கீழிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் போய்விட்டார்கள், அவள் ஒருத்திதான் பாக்கி. கேப்டன் பேனாவை எடுத்தார். நூற்றுப் பதினெட்டு, வந்தது 4.40, போனது 4.45. வாக்கியிலும் அப்படியே சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தத் தையக்காரம்மா போயிடுச்சுல்ல? நீ பாத்தேல்ல?"

விடிகாலையிலிருந்து சுமந்த உடம்பு. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

தலையாட்டினேன்.

அவ்வளவுதான். நான் செய்தது அவ்வளவுதான். ஐந்தாம் முகாமை எல்லோரும் தாண்டியாயிற்று என்று கேட்டதும் வால் இரண்டும் பாதி வழியில் ஜீப் பாதைக்கு இறங்கிவிட்டன. தையல்காரி கால் ஒடிந்து வளைவுக்கருகே கிடந்தாள். இரண்டு நாள் அவளைத் தேடினார்கள். போலீஸ் தேடியது, நாய் தேடியது, எல்லாமே ஐந்தாம் முகாமுக்கு அந்தப் பக்கம். தாள் அப்படித்தானே சொன்னது. மூன்றாம் நாள் விறகு வெட்டப் போனவர்கள் பார்த்தார்கள். முகாமைப் பார்த்தபடி கவிழ்ந்து கிடந்தாள். தவழ்ந்து தவழ்ந்து உள்ளங்கையிலும் முட்டியிலும் தோல் இல்லை.

வழி தவறித் திரும்பி வந்திருப்பாள் என்று முடிவு கட்டினார்கள். விசாரணையில் கேப்டன் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "என் தாள்ல ஏறினா ஏறினதுதான் சார்."

அந்த வளைவுக்குத்தான் இப்போது என்னை அனுப்பினார்.

போனேன். நாடாக்கள் இருந்தன. ஆனால் தோள் உயரத்தில் இல்லை. ஒவ்வொரு மரத்திலும் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இறங்கியிருந்தன. முடிச்சு சின்னது. பொத்தான் தைத்து முடிக்கிறவர்கள் போடும் முடிச்சு.

தவழுகிறவள் கைக்கு எட்டுகிற உயரம்.

கேப்டனிடம் சொன்னேன். குரங்கு வேலையாக இருக்கும் என்றார். குரங்கு முடிச்சுப் போடுமா என்று கேட்டேன். கேனை எண்ணி முடித்தாயா என்று கேட்டார்.

ஓட்டத்தன்று மத்தியானத்திலிருந்தே மூடுபனி. அறைக்கு வெளியே மேஜை போட்டு நானும் கேப்டனும் ஒரு நர்ஸும் இருந்தோம். நர்ஸ் இந்த வருடம்தான் புதிது. கேப்டன் வீட்டுக்கு அடுத்த தெருக்காரி, பாப்பாவைச் சின்னதிலிருந்து தெரியும். ஒவ்வொருவராகப் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள், குடித்தார்கள், போனார்கள். பாப்பாவுக்கு வயிறு சரியில்லை, நாலாம் முகாமை ஒன்றே முக்காலுக்குக் கடைசி ஆளாகத்தான் தாண்டினாள் என்று செய்தி வந்தது. கேப்டன் அவளுக்கென்று ஒரு வாழைப்பழத்தை உரித்து வைத்துக்கொண்டு பாதையையே பார்த்தார்.

மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. உரித்த பழம் கறுத்துவிட்டது.

நாலு இருபதுக்கு வாக்கி கரகரத்தது. ஆறாம் முகாம்காரர் பேசினார். நாற்பத்தொன்று வந்துவிட்டுப் போயாயிற்று, எல்லா எண்ணும் சரி என்றார்.

நாற்பத்தொன்று பாப்பாவின் எண்.

கேப்டன் முதலில் சிரித்தார். தப்பாக எழுதியிருப்பீர்கள், அவள் இன்னும் என்னையே தாண்டவில்லை என்றார். அந்த மனிதர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பெண்தான், எண்ணைக் கண்ணால் பார்த்தேன், தண்ணீர் வாங்கிக் குடித்தாள், இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தாள்.

தலைமை முகாமிலிருந்து குறுக்கே குரல் வந்தது. பனியில் நீங்கள் மகளைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். எல்லோரும் தாண்டிவிட்டதால் வால் இரண்டையும் ஜீப் பாதைக்கு இறங்கச் சொல்லியாயிற்று.

கேப்டன் எழுந்து நின்று கத்தினார். அவர்களைத் திருப்பி மேலே அனுப்புங்கள் என்றார். கெஞ்சினார். கடைசியில் அந்தக் குரல் பொறுமையாகச் சொன்னது. "கேப்டன், தாள்ல ஏறினா ஏறினதுதான்னு நீங்கதானே சொல்வீங்க?"

தாள் பொய் சொல்லும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். வாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பொத்தானை அமுக்கினார். விட்டார். அமுக்கினார். விட்டார்.

மகள் உயிர் ஒரு பக்கம், அந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் வாயும் திறக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சரளைக் கல்லில் எதையோ வைத்து இழுக்கிற சத்தம். நிற்கும். மறுபடி இழுக்கும். கீழே பாதையிலிருந்து மெதுவாக மேலே வந்தது. கூடவே ஒரு வாசனை, மழையில் நனைந்து காயாமல் மக்கிய துணி வாசனை.

"அப்பா."

பனிக்குள்ளிருந்து கேட்டது. கேப்டன் வாக்கியை மேஜையில் போட்டுவிட்டு, பாப்பா பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கி ஓடினார். பத்தடியில் பனி அவரை மூடிவிட்டது.

நர்ஸ் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அது பாப்பா குரல் இல்ல."

எனக்குத் தெரியும். அந்தக் குரல் என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறது.

இழுக்கிற சத்தம் நிற்கவில்லை. கேப்டனைத் தாண்டி மேலே வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம், கீழே, என் கால் விரலுக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. யாரோ மூச்சு வாங்குவது முழங்காலில் பட்டது.

காத்திருந்தது.

வாக்கியை எடுத்தேன். பொத்தானை அமுக்கினேன்.

"அஞ்சாம் முகாம்லேர்ந்து சுமை தூக்குறவ பேசுறேன். போன வருஷம் நூத்திப் பதினெட்டு எங்களைத் தாண்டவே இல்ல. கேப்டன் எழுதினது பொய். பொய்னு தெரிஞ்சேதான் நான் தலையாட்டினேன். இந்தப் புள்ளயும் தாண்டல. வால் ரெண்டும் திரும்பிப் போங்க."

எல்லா முகாமும் கேட்டிருக்கும். பிறகு ஒரு வால்காரர் மட்டும் சொன்னார். "திரும்புறோம்."

காலடியில் மூச்சு இல்லை.

ஐந்தே முக்காலுக்கு வளைவுக்குக் கீழே, ஒரு பாறை மறைவில், பாப்பாவைக் கண்டுபிடித்தார்கள். கணுக்கால் ஒடிந்திருந்தது, உயிர் இருந்தது. வால்காரர்கள் முதுகில் சுமந்து கொண்டுவந்தார்கள். ஏன் கத்தவில்லை என்று நர்ஸ் கேட்டாள். ஓர் அக்கா பக்கத்திலேயே இருந்தாள் என்றாள் பாப்பா. கத்த வாயெடுத்தபோதெல்லாம் கையால் பொத்தினாளாம். கை சொரசொரவென்று ஈரமாக இருந்ததாம்.

"கத்தாத, ஒங்கப்பா வரட்டும்னு சொன்னாங்க."

வழியில் கேப்டனைப் பார்த்தீர்களா என்று வால்காரர்களைக் கேட்டேன். அந்தப் பாதையில் யாருமே இல்லை என்றார்கள்.

ஆறு மணிக்கு ஆறாம் முகாமிலிருந்து செய்தி வந்தது. கேப்டன் வந்தார், தண்ணீர் குடித்தார், போனார். எட்டு மணிக்கு ஏழாம் முகாமும் அதையே சொன்னது. மகளைத் தேடி முன்னால் போகிறார், அங்கேதான் எங்கோ விழுந்திருப்பார் என்று அந்தப் பக்கமே தேடினார்கள். கீழ வளைவில் தேடுங்கள் என்று நான் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன வருடம் பொய்க்குத் தலையாட்டியவள்தானே நீ, இப்போது எதை நம்புவது என்றார்.

நியாயம்தான்.

மூன்றாம் நாள் காலை நானே இறங்கினேன். முகாமுக்குக் கீழே நானூறு அடி. இரண்டு நாளாக நூறு பேர் ஏறி இறங்கிய பாதையின் நட்ட நடுவில் கிடந்தார். முகாமைப் பார்த்தபடி கவிழ்ந்திருந்தார். உள்ளங்கையில் எலும்பு தெரிந்தது. முட்டியில் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பில் சூடு இன்னும் போகவில்லை. இரண்டு நாளும் அங்கேதான் தவழ்ந்திருக்கிறார், யார் கண்ணிலும் படாமல். காலில் ஒரு எலும்பும் ஒடியவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு நான் மலை ஏறவில்லை. டவுனில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது, அங்கே செங்கல் சுமக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், ஒரு பெண்ணைக் காப்பாற்றினேன், கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து மேஸ்திரியிடம் பெயர் சொல்லப் போனேன். நீ போய் அரைமணி நேரம் ஆயிற்றே என்றார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் விளக்கை அணைத்திருந்தார்கள். கதவு உள்ளே தாழ். தட்டித் தட்டிக் கை வலித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வந்து திறந்தார். தூக்கக் கலக்கம். என்னையும், உள்ளே இருட்டில் பாயையும், மறுபடி என்னையும் பார்த்தார்.

"இப்பதானே கூட உக்காந்து சாப்பிட்ட. எப்ப எழுந்து வெளிய போன?"

பாயில் யாரும் இல்லை. என் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர் திரும்பிப் படுத்தார், அடுத்த நிமிடம் குறட்டை.

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு ஏழாம் மாடிச் சாரத்தில் வேலை. அங்கிருந்து விழுந்து எங்காவது மணல் குவியலுக்குப் பின்னால் கால் ஒடிந்து கிடந்தால், மேஸ்திரி தேட மாட்டார். வீட்டுக்காரரும் தேட மாட்டார்.

நான்தான் வந்துவிட்டேனே.